நம்பர் போட்ட பதினோரு மரங்கள்

புரட்டாசி 20, திங்கள்

வெயில், புழுக்கம். நந்தியாற்று சர்வேயில் மூன்றாம் குறுக்களவு முடிந்தது. கரைக்குக் கரை 86 அடி. தண்ணீர் முழங்கால்கூட இல்லை. மிதக்க விட்ட நெட்டித் துண்டு ஐம்பதடி போக ஒன்றே முக்கால் நிமிஷம். கம்பியை இறக்கினால் மணல் நாலடி, பிறகு களி. மணல் மாதிரி 2 டப்பா.

வலது கரை வளைவில் மருது 6, புங்கன் 4, நாவல் 1. கரையைப் பிடித்திருப்பது இவற்றின் வேர்தான். வருஷா வருஷம் இதே மரங்களை அளக்க வேண்டுமே என்று சுண்ணாம்பில் 1 முதல் 11 வரை நம்பர் போட்டேன். என் கையெழுத்து அழகாகவே இருந்தது.

செயின்மேன் காதர் பாய் முனகினார்: "நம்பர் போட்டா வெட்டிக்கினு போயிடுவானுங்க சார். காட்டுல வெட்டற மரத்துக்குத்தான் நம்பர்."

"நீர் செயினைப் பிடியும்" என்றேன்.

கரைமேல் வீடு, நெசவாளி முனுசாமியுடையது. மழைக்கு முன்னால் வீட்டைத் தள்ளிக் கட்டட்டுமா என்று கேட்டான். மரங்கள் இருக்கிறவரை பயமில்லை என்றேன். அவன் பெண்சாதி குப்பம்மா மோர் தந்தாள். உப்பு அதிகம்.

புரட்டாசி 27, திங்கள்

மணல் சலித்தேன். பொடி குறைவு, பருமணல் அதிகம். இடது முழங்கால் வலி. நாளை முதல் ஆர்.கே.பேட்டை ஏரி வேலை.

ஐப்பசி 3, திங்கள்

திரும்பினேன். வாசலிலேயே காதர் பாய்: "பதினொண்ணும் போச்சு சார்."

பஸ்ஸுக்குக் கரி சுடும் காண்டிராக்டரின் ஆட்கள். யுத்தத்தால் பெட்ரோல் இல்லாத காலம், எல்லாம் கரியில் ஓடும் பஸ். நம்பரைப் பார்த்ததும் சர்க்கார் வெட்டச் சொன்ன மரம் என்று முடிவு. ஓர் அடிக்கட்டையில் என் 7 பாதி மிச்சமாம். காதர் பாய் செயினைத் துடைத்து மடக்கி வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டைக் காலி செய்யும்படி முனுசாமியிடம் சொல்ல வேண்டும். நாளை.

ஐப்பசி 6, வியாழன்

போகவில்லை. போனால் நம்பர் பேச்சு வரும். வெட்கம். வேறொன்றுமில்லை. மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கருப்பு மசி தீர்ந்தது. வாங்க வேண்டும்.

ஐப்பசி 12, புதன்

இரண்டு நாளாக விடாத மழை. விடியற்காலையில் வளைவில் கரை சரிந்தது. முனுசாமி வெளியே ஓடி வந்துவிட்டான். குப்பம்மா நூல் சிட்டத்தை எடுக்கத் திரும்ப உள்ளே போயிருக்கிறாள். நூல் கிடைக்காத காலம். சுவரோடு போய்விட்டாள். மத்தியானம் நாணல் புதரில் உடல் கிடைத்தது.

சாப்பிட முடியவில்லை. நான்தான். வேறு யார்?

ஐப்பசி 24, திங்கள்

வானம் வெளுத்திருக்கிறது. மறுஅளவு. காதர் பாய்க்குக் காய்ச்சலாம். காய்ச்சல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆற்றங்கரையில் முனுசாமி. தறி போய்விட்டது, ஏதாவது வேலை கொடுங்கள் என்றான். பிறகு அவனாகவே பேசினான்: "நீங்க போட்ட நம்பராச்சேன்னு நான் தடுக்கல சார். மரத்தச் சாய்க்கக் கயிறு புடிக்க ஆளில்லன்னாங்க, நானே புடிச்சேன். ஆபத்துன்னா சார் வந்து சொல்வாருன்னு அங்கியே இருந்துட்டோம்."

ஆங் என்றேன். செயினை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

மூன்றாம் குறுக்களவு: 103 அடி. வலது கரையில் செயின் முனையை முனுசாமி பிடித்தான். அவன் அடுப்பு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான்.