கருப்பு உடுப்பும் அம்பாந்தோட்டை வெயிலும்

அக்கரப்பத்தனை
வெள்ளிக்கெழம

அன்பு மகன் நிரோஷனுக்கு,

மாரியம்மா புண்ணியத்துல நானும் உன் தங்கச்சி கிருஷாந்தியும் உசுரோட இருக்கோம், துபாயில நீயும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தெனம் வெளக்கு வைக்கிறேன். சொகமா இருக்கோம்னு எழுதத்தான் கை வரல. போன்ல பேசுனா பாதியில கட் பண்ணிடுற, கடுதாசின்னா முழுசா வாசிச்சுத்தான் ஆவணும்.

தங்கச்சி அம்பாந்தோட்டைப் போட்டியில ஓடுறப்ப விழுந்துட்டான்னு சொன்னதும், நல்லா சோறு குடுக்கலையா பெரியம்மான்னு என்னையே கேட்ட பாரு, அது இன்னும் நெஞ்சுல நிக்குது. சோறு இல்லாம விழலப்பா, உடுப்பால விழுந்தா. அங்க வெயில் கொளுத்தும், லூசா மெல்லிசா வெளிர் நெறத்துல ஒரு சட்டையும் கட்டக் காச்சட்டையும் போதும்னு ஸ்கூல்ல ஓட்டம் பழக்குற சிவசாமி சேர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீ என்ன சொன்ன? நம்ம வீட்டுப் பொம்பளப்புள்ள தொட தெரிய ஓடுனா லயத்து சனத்துக்கு முன்னாடி தல காட்ட முடியாதுன்னு சொல்லி, கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடுற அந்தக் கருப்பு நைலோன் உடுப்ப அனுப்புன. என் முட்டாத்தனம் அதுக்கும் மேல. நம்ம தோட்டத்துல வெயிலுன்னா துணி காயுற சமாச்சாரம், வேற என்ன தெரியும் எனக்கு? காத்து பட்டு சளி புடிச்சிரும்னு, பனியில கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப போடுற கம்பளி பனியன் ஒண்ணையும் உள்ளுக்குப் போட்டு, துன்னூறு பூசி, நானே கூட்டிட்டுப் போனேன். ரெண்டாவதா ஓடிக்கிட்டிருந்த புள்ள அஞ்சாவது சுத்துல சுருண்டுட்டா. ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி கத்திரிக்கோலால உடுப்ப வெட்டி எடுத்துட்டு சிங்களத்துல ஏசுனாங்க. சேர், தேயிலக் கொழுந்த வாட்டுற மாதிரி புள்ளைய வாட்டிட்டீங்களேம்மான்னாரு. கண்ண தொறந்ததும் அவ கேட்டது, பெரியம்மா நான் எத்தனாவதா வந்தேன்னுதான்.

அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருக்கேன், போன்ல உன் படம் வருது. கடக்கரையில கூட்டாளிங்களோட ஓடுற. கையில்லாத வெள்ளை பனியன், முட்டிக்கு மேல காச்சட்ட, தலையில தொப்பி. கீழ எழுதியிருக்க, வெயிலுக்கு இதுதான் சொகம்னு. நல்லா இரு தம்பி. உன் ஒடம்புக்கு சுடும், தங்கச்சி ஒடம்புக்கு சுடாதாக்கும்.

அடுத்த மாசம் திருகோணமலையில இன்னொரு ஓட்டம், அதுல முன்னுக்கு வந்தாத்தான் கொழும்பு ஸ்கூலுக்கு எடுப்பாங்களாம், இல்லாட்டி என் பின்னாடி கூடைய மாட்டிக்கிட்டு மலைக்குத்தான். இனி ஓடவே மாட்டேன்னு ரெண்டு கெழமையா மூலையில கெடந்தவள நேத்துத்தான் கெஞ்சி எழுப்பி தலவாக்கலைக்குக் கூட்டிட்டுப் போனேன். தையக்கடை பைஸர் நானாகிட்ட உன் படத்த நீட்டி, அளவு புள்ளையோடது, தையல் இதே மாதிரி, மெல்லிசு பருத்தியில வெள்ளையா, கால் ஒரு அங்குலம் கூட நீட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். யாரும்மா இது, பெரிய ஓட்டக்காரரான்னு கேட்டாரு. இல்ல நானா, பொம்பளைங்க உடுப்புக்கு சட்டம் போடுறவருன்னேன். விழுந்த பொறகு அப்பத்தான் உன் தங்கச்சி மொதத் தடவையா சிரிச்சா.

உங்கம்மா போன பொறகு ரெண்டு பேரையும் ஒரே கம்பளிக்குள்ள வச்சு வளத்தவ நான், ஒன்ன சபிக்க வாய் வராது. மாரியம்மா உனக்கு நீண்ட ஆயுச குடுக்கட்டும். மத்தியான வெயில்ல ஓடாத, தண்ணி குடி. திருகோணமலைக்குப் போறதுக்கு முந்தின நாள் தங்கச்சிக்கு மறக்காம போன் பண்ணு. உடுப்பப் பத்தி ஒரு வார்த்த பேசுனா, இந்தத் தடவ நான் கட் பண்ணிடுவேன்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் பெரியம்மா
நாகலெட்சுமி