கெண்டை மீனுக்குத் திறந்த கதவு

டிசம்பர் 9

அன்புள்ள ஸ்தாமெனுக்கு,

உங்கள் எலிட்சா எழுதுவது. இங்கே நான் நலம். கொதிகலன்தான் மறுபடி மக்கர் செய்கிறது. வியன்னாவுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்ததா?

மாவட்டப் பதிவு அலுவலகக் கணினிகளின் பாதுகாப்புச் சான்று இந்த மாதத்தோடு முடிகிறது. முன்பு உங்களை அனுப்பிய தலைநகர் சோபியாவின் அலுவலகம், இம்முறை சோதிக்க என்னை அனுப்பியது. இருநூறு பக்க விதிமுறை, இரும்புக் கதவு, விரல்ரேகைக் கருவி, வாசலில் போய்கோ என்றொரு காவலர். பகட்டுக்குக் குறைவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சொல்லாமல் கொள்ளாமல் ஆறாம் தேதி போனேன். புனித நிக்கோலா நாள். இயக்குநரின் பெயரும் நிக்கோலா, அதனால் புனிதரின் நாளே அவருக்குப் பெயர்நாள் விருந்து. நம் வழக்கப்படி பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை யாரென்று கேட்பதும் இல்லை. அந்த நாளுக்கே உரிய, மாவில் பொதிந்து சுட்ட கெண்டை மீனை இரு கையிலும் ஏந்தி நின்றேன். போய்கோ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அய்யய்யோ, கை சுடப்போகுதும்மா, சீக்கிரம் உள்ள போங்க" என்று தன் விரலை வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

விருந்தே கணினி அறையில்தான் நடந்தது. அங்கே குளிரூட்டி இருப்பதால் சாலட் கெடாதாம்! இயக்குநரின் கடவுச்சொல்லைப் புனிதர் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து, ஊரார் பதிவுகளையெல்லாம் படித்தேன். மூடர் கூட்டம், எனக்கு ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தது.

பிறகு அடையாள அட்டையைக் காட்டினேன். இயக்குநர் முகம் சிவந்து, "விருந்தாளியா வந்து வேவு பாக்குறீங்களே, வெக்கமா இல்ல?" என்றார். அடுத்த நிமிடமே குரல் குழைந்தது. "தேறலன்னு எழுதுனா, மூணு வருஷம் முன்னாடி தேறிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு கேப்பாங்க. அது உங்க வீட்டுக்காரருதானேம்மா?" என்றார்.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். "முழுமையாகச் சோதிக்கப்பட்டது, குறை ஏதுமில்லை" என்று உங்கள் அழகான கையெழுத்து. அந்தத் தேதியும் டிசம்பர் ஆறு. மீன் நன்றாக இருந்ததா?

நம் தையற்காரி ஸ்வெதானாவை மறந்திருக்க மாட்டீர்கள். அடித்துக் கொல்லப் பார்த்த கணவனிடமிருந்து தப்பி, பதிவேட்டில் முகவரியை மறைக்கச் சொல்லி வாழ்ந்தவள். இந்த வசந்தத்தில் அவன் நேராக அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். எப்படிக் கண்டுபிடித்தான் என்று நாம் மாய்ந்து மாய்ந்து பேசினோம். அவள் பதிவை யார் திறந்தார்கள் என்று கணினியில் தேடினேன். போன வருடம் டிசம்பர் ஆறு, மதியம், இயக்குநரின் கடவுச்சொல். விருந்து நேரம், கையில் மீனோடு யார் வந்தாலும் கதவு திறக்கும் நேரம். இன்றுவரை அவளால் வலது கையில் ஊசி பிடிக்க முடியவில்லை.

அவர்களை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. உங்களை நினைத்தால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

தேறவில்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன். இருபதாம் தேதி விசாரணை. அவர்கள் கூப்பிடும்வரை காத்திராமல் நீங்களே வந்து, சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதைச் சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும், நான் இருக்கிறேன்.

பயணிகளைக் காக்கும் புனித நிக்கோலா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்ததும் முதலில் ஸ்வெதானா வீட்டுக்குப் போங்கள். கதவைத் தட்டும் முன்பே உங்கள் பெயரை உரக்கச் சொல்லுங்கள். தட்டும் சத்தம் கேட்டாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
எலிட்சா