முந்நூற்றியொரு குவெரி

ஜூன் 12, திங்கள்
விடியும் முன்பே மழை. கரமனைப் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது. தெருவெங்கும் உலகக் கோப்பைக்குக் கட்டிய பிரேசில் கொடி, சொட்டச் சொட்ட.

ஆஸ்பத்திரி சீட்டு கவுண்டர். நான் எழுதிய ப்ரோக்ராமில் நோயாளிப் பட்டியல் திறக்க நாற்பது வினாடி. எங்கள் கம்பெனி ஆபீஸில் நொடியில் திறந்தது. அங்கே டேட்டா பத்தே பேர், எல்லாம் என் சொந்தக்காரர்கள் பெயர்.

சூப்ரண்டு: "வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா பழைய ரிஜிஸ்டர் மதி, கம்ப்யூட்டர் வேண்டாம்." என் ப்ரொபேஷன் முடிவதும் இந்த மாதம்தான்.

13, செவ்வாய்
சர்வரில் மெமரி கூட்டினோம். முப்பத்தெட்டு வினாடி. வெட்கக்கேடு.

கவுண்டர் கிளார்க் செல்வி, நாகர்கோவில்காரி: "பேடிக்காதீங்க சாரே. வரிசை நிக்காம நான் பாத்துக்கிடுதேன், கேட்டியளா." எப்படி என்று கேட்கவில்லை.

குடை ரிப்பேர். அம்மாவுக்கு முட்டுவலித் தைலம்.

14, புதன்
செல்வி அட்டெண்டரைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு ஃபைலுக்கும் மாடி ஏறுவீரா? பேரெல்லாம் சேத்து ஒரே சீட்டா எழுதித் தந்திருக்கேம்லா?"

என் ப்ரோக்ராமும் இப்படித்தான் மாடி ஏறுகிறதோ? ஆபீஸுக்கு ஓடி, சர்வர் செய்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். பட்டியலுக்கு டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி, ஒரு குவெரி. பிறகு ஒவ்வொருவரின் பழைய வருகைகளைத் தேட ஒவ்வொரு குவெரி. முந்நூறு பேர், முந்நூற்றியொரு குவெரி. நான் எழுதியது ஒரே ஒரு லூப். மீதி ஓட்டமெல்லாம், எனக்காக டேட்டாபேஸோடு பேசும் ஓஆர்எம் எனக்குத் தெரியாமல் ஓடியது.

நோயாளி, வருகை இரண்டு டேபிளையும் ஜாயின் செய்து, இணைத்து, ஒரே குவெரி. இரண்டு வினாடி. ராத்திரி அடை, வெல்லம். நன்றாகச் சாப்பிட்டேன்.

15, வியாழன்
புதியதைப் போட்டேன். பறந்தது. செல்வி மேஜைக்கடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து ஒப்பிட்டாள். "சாரே, முதல் தடவையா வந்த ஒருத்தரையும் காணலியே."

பழைய வருகை இல்லாதவர்களை என் ஜாயின் தள்ளிவிட்டிருந்தது. பெஞ்சில் காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி. பட்டியலில் அவள் இல்லை. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். பழைய வருகை இல்லாதவரையும் விடாத லெஃப்ட் ஜாயின் ஆக்கினேன். எல்லோரும் வந்தார்கள், அந்தக் குழந்தையும்.

அந்த நோட்டு: திங்களிலிருந்து எல்லாப் பெயரையும் கையாலும் எழுதி, அதைப் பார்த்தே ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

16, வெள்ளி
வெயில். சூப்ரண்டு பார்த்தார். "ம்" என்றார், போனார். ரிஜிஸ்டர் பேச்சே இல்லை. பிழைத்தேன்.

செல்வியிடம் நன்றி சொல்லப் போனேன். அவள் நிமிராமல்: "இன்னும் ஒரு வாரம் எழுதத்தான் செய்வேன். உங்கள நம்பாம இல்ல. பேனால மை தீந்துட்டு, ஒண்ணு வாங்கித் தாங்க."

சாயங்காலம் சாலைக் கடைத்தெருவில் பேனா. இரண்டு வாங்கினேன்.