தங்கத்தாய் கொண்டுவந்த கோழிகள்

7-4-1969, திங்கள்
கடை திறந்தேன். யாவாரம் மந்தம். சுந்தராம்பாளின் கோழிகளுக்குக் கம்பு போட்டேன். என் குரலுக்கு வர மாட்டேன் என்கின்றன. நான் உள்ளே போன பிறகுதான் தின்கின்றன. தை மாசம் அவள் கண்ணை மூடினாள். வீட்டில் அவளுடையது என்று அசைவது இவை மட்டும்தான். விற்றுவிடு என்கிறார்கள். விற்க மாட்டேன்.

9-4-1969
மகள் தங்கத்தாய் பாலவனத்தத்திலிருந்து வந்தாள். கூடையில் ஐந்து கோழி, மாமியார் வீட்டுடையவை.

“அங்க வெள்ளைக்கழிச்சல்ப்பா. தெருவுல பாதி வீட்டுல கோழி சுருண்டு விழுது. எங்களுதுக்கு இன்னும் ஒண்ணும் வரல. நல்லா இருக்கையிலேயே ஊர் மாத்திருவோம்னு அத்தை குடுத்து விட்டாக.”

இந்தப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். கோழிக்கு டிக்கெட் கேட்காத கண்டக்டர் நோய்க்கா கேட்கப் போகிறார்?

“இங்க விட வேண்டாம் தாயி. உங்கம்மா கோழிக்கும் தொத்திரும்.”

“அப்ப நானும் மத்தியான பஸ்ஸுக்கே திரும்பணும்ப்பா. இதுகளப் பாத்துக்கிடத்தான் என்னை அனுப்புனாக.”

அம்மா காரியத்துக்கு வந்தவளை அன்றைக்கே கூட்டிப் போனார்கள். அதன்பிறகு நான் கேட்டும் அனுப்பவில்லை. பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்தேன்.

11-4-1969
சரக்கெடுக்க அருப்புக்கோட்டை போனபோது மாட்டாஸ்பத்திரியில் கேட்டேன். “பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு மாசத்துக்குப் பழசோட சேக்காதீக. தீவனம், தண்ணி எல்லாம் தனி” என்றார் கம்பவுண்டர்.

தண்ணி? பஞ்சாரத்துச் சட்டியில் மிஞ்சியதை நேற்றும் முற்றத்தில்தான் ஊற்றினேன். நம் கோழிகள் ஓடிவந்து குடித்தன.

14-4-1969
தங்கத்தாய் பகலில் சுவரோரம் சுருண்டு தூங்குகிறாள். மெலிந்திருக்கிறாள். அங்கே எப்படி என்று கேட்டேன்.

“அங்க நான் எந்திரிக்கிற நேரம் எல்லாருக்கும் தெரியும்ப்பா. படுக்கிற நேரம் யாருக்கும் தெரியாது.”



16-4-1969
பஞ்சாரத்தில் ஒன்று கழுத்தைத் திருக்கிக்கொண்டு நிற்கிறது.

18-4-1969
சுந்தராம்பாளின் கருப்புப் பெட்டை.

22-4-1969
முடிந்துவிட்டது. அவர்களுடையது, நம்முடையது, எல்லாம். பருத்திக்காட்டு ஓரத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். வெட்டும்போது மனசு ஏதாவது சொல்லும் என்று பார்த்தேன். கைதான் வலித்தது.

தங்கத்தாய்தான் அழுதாள். “அம்மா கோழிய நான் வந்து கொன்னுட்டேனேப்பா.”

“தெரிஞ்சுதான் விட்டேன். நீ இருக்கணும்னு விட்டேன்” என்றேன். நாளைக்கே இன்னொரு கூடையோடு வந்தாலும் விடுவேன். சுந்தராம்பாள் இருந்திருந்தால் என்னை முந்திக்கொண்டு விட்டிருப்பாள்.

29-4-1969
கோழிகள் செத்ததைப் பாலவனத்தத்துக்கு எழுதவில்லை. எழுதினால் அவளுக்கு இங்கே என்ன வேலை?

4-5-1969
மாப்பிள்ளை வெள்ளத்துரை வந்தார்.

“ஊர்ல கழிச்சல் நின்னுருச்சு மாமா. கோழிகளையும் அவளையும் கூட்டியாரச் சொன்னாக அம்மா.”

தங்கத்தாய் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“கோழி அடையில உக்காந்திருக்கு மாப்ளே” என்றேன். “இப்பக் கெளப்புனா முட்டை கெட்டுரும்.” எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? தெரியவில்லை.

அவர் முற்றத்தைப் பார்த்தார். கூடு திறந்து கிடக்கிறது. பஞ்சாரம் காலி. ஒரு இறகுகூடக் கிடையாது, பட்டப்பகல். காப்பியைக் குடித்து முடித்தார்.

“அடைக்கோழியக் கெளப்பக் கூடாதுதான்” என்றார். “பொரிச்சாலும் குஞ்சு தாயோட சுத்துமே மாமா. ரெண்டு மூணு மாசம் ஆகும். அம்மாட்ட நான் சொல்லிக்கிறேன்.”

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். சுந்தராம்பாளுக்காக நான் அழுதது இன்றைக்குத்தான். வாசலில் யாரோ பருப்புக் கேட்டு நின்றார்கள். தங்கத்தாய் வந்து நிறுத்துக் கொடுத்தாள்.