கரவந்தவாடிக்கு நீலம் தீட்டிய வரைபடத்தை விலக்கிக்கொள்ள வேண்டி

அனுப்புநர்
கி. கிருஷ்ணப்ரியா,
நிலவரைபட ஆய்வாளர்,
ஔந்த், புனே.

பெறுநர்
குடிநீர் வழங்கல் அலுவலர் அவர்கள்,
புனே மாவட்டம்.

பொருள்: கரவந்தவாடிக்கு டேங்கர் தண்ணீரை மீண்டும் அனுப்பவும், நான் தயாரித்த நிலத்தடி நீர் வரைபடத்தை விலக்கிக்கொள்ளவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் மதுரைக்காரர் என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் தமிழில் எழுதத் துணிந்தேன். கோப்புக்காக மராத்திப் பிரதியும் இணைத்துள்ளேன். இது யார்மீதும் புகார் அல்ல, என்மீதுதான்.

1. ஹிஞ்சேவாடியில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். நிலத்தின் ஏற்ற இறக்கம், சரிவு, பாறை, மழையளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நிலத்தடி நீர் எங்கே கிடைக்கும் என்று நிறம் தீட்டுவது என் வேலை. சென்ற ஆண்டு நான் தயாரித்த வரைபடத்தில் கரவந்தவாடி அடர்நீலம். அதாவது, நீர்வளம் மிக அதிகம்.

2. செயற்கைக்கோள் படத்தில் அவ்வூர்க் குன்றின் குறுக்கே ஒரு நேர்கோடு தெரிந்தது. பாறை வெடிப்பு, அதன் வழியே நீர் கீழே இறங்கும் என்று எண்ணி, அதற்கே அதிக மதிப்பெண் இட்டேன். அது எப்போதோ குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம்.

3. நேரில் போய்ச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. போனேன். ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை, மலையில் மழை பார்க்கக் கிளம்பிய அலுவலக நண்பர்களோடு. ஊர்க்கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. ஆகஸ்டில் இந்தப் பக்கம் எந்தக் கிணறுதான் நிறையாது? கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டு, படிவத்தில் 'சரி' என்று குறித்தேன். செருப்பு சேறாகும் என்று குன்றுப் பக்கம் போகவில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

4. அந்த வரைபடத்தை நம்பி, பிப்ரவரியில் டேங்கர் நிறுத்தப்பட்டது. மூன்று இடங்களில் போர் போட்டார்கள். மூன்றிலும் புழுதிதான் வந்தது. நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் இப்போது மூன்று கிலோமீட்டர் நடந்து ஓடை ஊற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள்.

5. செய்தி அறிந்து ஏப்ரலில் மறுபடி போனேன். முதல் வீட்டில் இருக்கும் சிந்துபாய், வந்தவருக்கு முதலில் தண்ணீர் தரும் வழக்கப்படி ஒரு செம்பு நிறைய நீட்டினார். வெயிலில் போயிருந்தேன், முழுவதும் குடித்துவிட்டேன். அது அவர் விடியற்காலையில் சுமந்து வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. மழையில் காரில் வந்தது நீங்கள்தானே, ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றுதான் குன்றின்மேல் ஏறி, நான் வெடிப்பு என்று எண்ணிய கோடு மூடிய பள்ளம் என்று கண்டேன்.

6. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆகவே டேங்கரை உடனே அனுப்ப உத்தரவிடவும், கோடைக்காலக் கிணற்று அளவுகளைக் கொண்டு புதிய வரைபடம் தயாரிக்கப்படும்வரை என்னுடையதை எங்கும் பயன்படுத்தாதிருக்கவும் வேண்டுகிறேன். நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் விடுமுறை எடுத்து நானே நடந்து அளந்து தருவேன்.

7. டேங்கர் கேட்டு ஊரார் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த மனுவின் ஓரத்தில், 'நீர்வளம் உள்ள பகுதி, மக்கள் பொய் சொல்கிறார்கள்' என்று குறிப்பு எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஐயா, அந்த வரியை அடித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுத வேண்டுகிறேன்.

இடம்: புனே
நாள்: 09.05.2025

இப்படிக்கு,
கி. கிருஷ்ணப்ரியா
(வரைபடம் தயாரித்தவர்)