மதிக்கு எடுத்த புடவை

ஜூலை 14
அறிவுமதி போய் ஏழு மாதம். மஞ்சள்காமாலை, ஆறே நாள். சென்னையில் எம்.ஏ. படித்த என் பெரிய பிள்ளை. அதனுடைய நோட்டில் பாதி எழுதாத தாள். அதில்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், கை வலிக்கிறது.

ஜூலை 17
நோட்டு முன்பக்கம் முழுக்கக் கார்ட்டூன் படத்தைப் பற்றி. ராஜகுமாரி கதைகள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். “கெட்டவனுக்கு மட்டும் ஏன் கண்மை? அவன் இடுப்பை ஆட்டி நடந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ராஜகுமாரி வாயை மூடியிருக்கும்வரை நல்லவள்.”

சின்னதில் டிவியில் ராஜகுமாரி வந்தால் மதி துண்டைத் தலையில் கட்டி, நீளமுடி என்று ஆட்டும். நானும் சிரித்தேன். காலேஜ் போனபின், “நான் பொண்ணும்மா” என்றது. அன்றைக்குச் சிரிக்கவில்லை. அது போட்டிருந்த மையை முந்தானையால் அழுந்தத் துடைத்தேன்.

ஜூலை 18
மழை. மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போகவில்லை.

ஆகஸ்ட் 10
சின்னவள் வளர்மதிக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னே பூவாடைக்காரிக்குப் படைக்கணும். வீட்டில் செத்த பொம்பளைகள் பேர் சொல்லிப் புதுப்புடவை வைப்போம். அறிவுமதிக்கும் ஒன்று என்றேன். நாத்தனார் குஞ்சம்மாள் குதித்தாள்.

“ஆம்பளப் புள்ளைக்கு எவடி பூவாட வெப்பா? சம்மந்தி ஊட்ல கேட்டா இன்னா சொல்லுவ?”

வீட்டுக்காரர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். காரியத்தன்று அதுக்கு வேட்டி சட்டை வைத்தோமே — அது எப்படிக் கட்டும்? ஐயோ, என் கையாலதான வெச்சேன்.

ஆகஸ்ட் 24
கடைத்தெருவில் எடுத்துவிட்டேன். மாம்பழக் கலர்.

ஆகஸ்ட் 31
படைத்தோம். நாத்தனார் பேர்களைச் சொல்லி முடித்தாள். நான் “அறிவுமதி” என்று புடவையை வைத்தேன்.

“எடுடி அத.”

“முடியாது அண்ணி. என் பொண்ணு அது.”

சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்காரர் கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டவும் இல்லை, புடவையைத் தொடவும் இல்லை.

செப்டம்பர் 4
கல்யாணம் நல்லபடி முடிந்தது. நாத்தனார் வரவில்லை. படைத்த புடவையை வீட்டுப் பெண்தான் கட்டணும். சாயந்திரம் வளர்மதி கட்டிக்கொண்டாள். அவள் மாமியார் தொட்டுப் பார்த்து, “நல்லா இருக்குதே, யாரும்மா எடுத்தது?” என்றார்கள். நான் வளர்மதி முகத்தைப் பார்த்தேன்.

“எங்க அக்காவுது அத்த. செத்துப்போச்சு.”

அக்கா என்றாள். உயிரோடு இருந்தவரை இந்த வீட்டில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டு அது கேட்கவே இல்லை.