கம்பளை ரயிலில் சொன்னது

மகியாவ, கண்டி
12.3.1934

பாட்டுக்கார நானாவுக்கு,

உங்கள் பாட்டுப் புத்தகத்தில் இருந்த விலாசத்துக்குப் பாலம்மா எழுதுகிறேன். சுகம் விசாரிக்க மனசில்லை. நேரே விஷயத்துக்கு வர்றேன்.

தை மாதம் கம்பளையிலிருந்து கண்டிக்கு வந்த ரயிலில், மூன்றாம் வகுப்பில், உங்களுக்கு எதிரே உட்கார்ந்து அழுதவள் நான்தான். அடி தாங்காமல் புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். நீங்க பேராதனையில் சோடா வாங்கிக் கொடுத்து, "பொறகு? பொறகு?" என்று கேட்டீங்க. இரக்கமுள்ள மனுஷன் என்று நினைத்து எல்லாத்தையும் கொட்டினேன். நீங்க அதைப் பாட்டாக்கிப் புத்தகம் போட்டு விற்கிறீங்க.

அந்தப் புத்தகம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் போய்விட்டது. என் பெயரை மாற்றினீங்க, ஊரை மாற்றினீங்க. பாட்டில் அடிக்கிற புருஷனுக்கு மட்டும் என் புருஷன் பெயரையே வைத்துவிட்டீங்களே. எங்களில் பொம்பளைகள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டோம். நீங்க கேட்டும் நான் சொல்லவில்லை. அது உங்களுக்கே தெரியும்.

என் மகள் காமாட்சிக்கு ஐந்து வயது. தோட்டத்தில் அவரிடம்தான் கிடக்கிறாள். அவளை என்னிடம் சேர்த்துவிடுவதாகப் பெரிய கங்காணி வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அந்தக் கங்காணியே, "எவனோ ஒருத்தனிடம் ரயிலில் புருஷன் பெயரைச் சொல்லித் திட்டினவளிடம் பொம்பளைப் பிள்ளையை எப்படிக் கொடுப்பது?" என்கிறார்.

25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலடியில் பஞ்சாயத்து. நீங்க வந்து, "பெயர் நானாக வைத்தது, அவள் சொல்லவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க கெடுத்ததை நீங்கதான் சரி பண்ணணும்.

பாலம்மா

*

அலவத்துகொட
17.3.1934

அன்புத் தங்கச்சி பாலம்மாவுக்கு,

ஆண்டவன் உங்களுக்கு நல்லதே செய்யட்டும். கடிதம் பார்த்துக் கலங்கிப் போனேன். அல்லாஹ் அறிய, லெட்சுமணன் என்ற பெயர் சந்தத்துக்குப் பொருந்தியதால் வைத்தது. உங்கட புருஷனுக்கும் அதே பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வருஷமாக எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை, தங்கச்சி. பொழைப்பே போச்சு என்று இருந்தேன். அன்றைக்கு நீங்க பேசப் பேச உள்ளே மெட்டு எழும்பியது. கண்டியில் இறங்கி, ஸ்டேஷன் கதிரையில் இருந்தே எழுதத் தொடங்கினேன். நாவலப்பிட்டிச் சந்தையில் பாடியபோது பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உங்கட துக்கத்துக்கு இத்தனை பேர் அழுகிறார்களே, அதுவும் ஒரு ஆறுதல்தானே?

பஞ்சாயத்துக்கு வருவதுதான் சங்கடம். அட்டையில் 'ரயிலில் ஒருத்தி சொன்ன நடந்த உண்மை' என்று போட்டிருக்கிறேன். பெயர் நான் இட்டுக்கட்டியது என்றால் முழுப் பாட்டும் பொய் என்பார்கள். பிறகு எந்தத் தோட்டத்தில் போய்ப் பாடுவேன்? அடுத்த பதிப்பில் பெயரை மாற்றிவிடுகிறேன். பிள்ளைக்காக ஆண்டவனிடம் துஆ செய்கிறேன்.

உங்கட நன்மை நாடும்
ஜமால்தீன் நானா

*

மகியாவ
20.3.1934

பாட்டுக்கார நானாவுக்கு,

துஆவை வீட்டில் இருந்தே செய்யலாம். எனக்கு வேண்டியது கோயிலடியில் வந்து நிற்கிற ஆள்.

பொம்பளைகள் அழுதார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கீங்க. அழுதுவிட்டு அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நான் யாரைத் தூக்கிக்கொண்டு போவேன்? அடுத்த பதிப்பில் மாற்றுவாராம். என் பிள்ளை என்ன அச்சுக்கூடத்திலா இருக்கிறாள், அடுத்த பதிப்பில் வருவதற்கு?

சந்தையில் நின்று பாடுகிற வாய்க்கு, பஞ்சாயத்தில் நின்று ஒரு உண்மை சொல்ல வராதா? உங்கள் மேல் வருகிற ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தவர் மேல்கூட இவ்வளவு வந்ததில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துதான் அங்கே இருந்தேன். உங்களை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு அண்ணன் கண்டி ஸ்டேஷனில் நிற்பார். வருவதென்றால் வாங்க. இல்லாவிட்டால் நானே பேசிக்கொள்கிறேன்.

பாலம்மா

*

அலவத்துகொட
9.4.1934

அன்புத் தங்கச்சிக்கு,

பிள்ளை உங்களிடம் வந்து சேர்ந்ததாம். அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கு ஸ்டேஷன் வரை வந்தேன். உங்கட அண்ணன் நிற்பதையும் பார்த்தேன். அப்படியே திரும்பிப் போய்விட்டேன். மன்னிக்க வேண்டும்.

நேற்றுக் கம்பளைக் கடையில் உங்கட பேச்சாகவே இருந்தது. நீங்க எழும்பி நின்று பேசினீங்களாம், லயத்துப் பொம்பளைகள் எல்லாம் வந்து உங்கட பக்கம் நின்றார்களாம், பெரிய கங்காணி தலை நிமிரவே இல்லையாம். ஆளுக்கு ஒரு மாதிரிச் சொல்கிறார்கள். அப்படி என்னதான் பேசினீங்க? கங்காணி என்ன சொன்னார்? யார் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தது?

கேட்டதிலிருந்து நித்திரை இல்லை தங்கச்சி. இரண்டாம் பாகம் மெட்டோடு வந்து நிற்கிறது, சொல்தான் இல்லை. இந்த முறை ஒரு பெயரும் வராது, சத்தியம். ஞாயிற்றுக்கிழமை நான் மகியாவ வந்தால் கொஞ்ச நேரம் பேசலாமா?

ஜமால்தீன் நானா

*

மகியாவ
12.4.1934

பாட்டுக்கார நானாவுக்கு,

காமாட்சி என்னோடு இருக்கிறாள். நல்லா சாப்பிடுகிறாள். அண்ணன் பிள்ளைகளோடு சண்டை போடுகிறாள்.

கோயிலடியில் நான் பேசியதை அங்கே வந்திருந்தவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டுமென்றிருந்தால் நீங்களும் வந்திருக்கணும். அதில் ஒரு சொல்கூட உங்களுக்குத் தர மாட்டேன். மகியாவ பக்கம் வராதீங்க.

பாலம்மா